கண்ணில் நீர் வடிந்தால் மருந்துக்கு முன் காரணம்

(நமது குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த செல்லப்பிராணிகள் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக்குப் பின் வந்த கேள்விகளில் சிலவற்றையும் சேர்த்திருக்கிறோம்.)



தடுப்பூசி பற்றிப் பேசலாம் என்றுதான் நான் முதலில் செக்ரெட்டரி சாரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "லிஃப்டில் உங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் கண்ணைப் பற்றித்தானே கேட்கிறார்கள், அதையே பேசுங்கள்" என்றார். உண்மைதான். "டாக்டர், இவனுக்குக் கண்ணிலிருந்து தண்ணி வந்துக்கிட்டே இருக்கு, என்ன டிராப்ஸ் போடலாம்?" இந்தக் கேள்வியை மூன்றாவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் கேட்டு முடித்துவிடுவார்கள். பதில் சொல்வதற்குள் கதவு திறந்துவிடும். இன்றைக்கு லிஃப்ட் நிற்கப் போவதில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் வீட்டுச் சமையலறை சிங்க் நிரம்பி வழிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இரண்டில் ஒன்றுதான். குழாய் அதிகமாகத் திறந்திருக்கிறது, அல்லது கீழே அடைத்துக்கொண்டிருக்கிறது. நாயின் கண்ணும் அப்படித்தான். கண்ணீர் சுரப்பி ஒன்று மேல் இமைக்குப் பின்னால் இருக்கிறது. இன்னொன்று மூன்றாவது இமையின் அடியில் இருக்கிறது. அவை சுரக்கும் நீர் கண்ணைக் கழுவிவிட்டு, மூக்கை ஒட்டிய மூலையில் மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு சின்னத் துளைகளுக்குள் இறங்கி, ஒரு குழாய் வழியாக மூக்குக்குள் போய்விடும். நல்ல கண்ணில் நாள் முழுக்க நீர் சுரந்துகொண்டுதான் இருக்கும். நம் கண்ணில் படாது, அவ்வளவுதான். கன்னத்தில் வழிகிறது என்றால் ஒன்று சுரப்பு கூடியிருக்க வேண்டும், அல்லது வடிகால் சரியில்லாமல் இருக்க வேண்டும். இந்த இரண்டில் எது என்று தெரியாமல் டிராப்ஸ் வாங்குவது, சிங்க் வழிகிறது என்று தரையை மட்டும் துடைத்துக்கொண்டிருப்பது மாதிரி.

வடிகால் சிக்கலை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அவசரம் குறைவு. நம் குடியிருப்பில் ஷிட்ஸு, பக், லாசா, மால்டீஸ் நிறைய இருக்கின்றன. ஹட்ச் விளம்பரம் வந்த நாளிலிருந்து பக் இல்லாத அடுக்ககமே இல்லை என்று ஆகிவிட்டது. இவற்றுக்கு முகம் தட்டை, கண் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். நீர் தேங்கி நிற்க வேண்டிய கீழ் இமை ஓரம் ஆழமில்லாமல் இருப்பதால் துளைக்குப் போவதற்கு முன்பே வெளியே வழிந்துவிடும். போதாக்குறைக்கு மூக்கோர முடி திரி மாதிரி வேலை செய்யும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல நீரைக் கன்னத்துக்கு இழுத்துவிடும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே அந்தத் துளை மூடியிருக்கும். வயதான நாய்களுக்குப் பழைய தொற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க மருத்துவர் கண்ணில் ஆரஞ்சு நிறச் சாயம் ஒன்று விடுவார். ஃப்ளோரசின் என்று பெயர். கண்ணீரில் கலந்ததும் பச்சையாகிவிடும். சில நிமிடங்களில் மூக்கு நுனியில் பச்சை தெரிந்தால் குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். தட்டை முக நாய்களில் சாயம் தொண்டைப் பக்கம் போய்விடுவதும் உண்டு; ஆகையால் மூக்கில் வரவில்லை என்பதற்காக உடனே அடைப்பு என்று முடிவு கட்டிவிட முடியாது. அடைப்பு உறுதியானால், மயக்கம் கொடுத்து மெல்லிய குழாய் வழியாக நீர் பாய்ச்சிக் கழுவுவார்கள். மூடிய துளையைத் திறந்துவிடுவார்கள். அமைப்பினாலேயே வழிகிற கண்ணுக்கு வாழ்நாள் முழுக்கத் துடைத்து விடுவதுதான் வைத்தியம். அதை நோயாக நினைத்து மருந்து மேல் மருந்து மாற்ற வேண்டாம்.

இப்போது குழாய் அதிகம் திறந்த கதை. கண்ணில் ஏதோ உறுத்துகிறது, வலிக்கிறது. அதனால் சுரப்பு கூடுகிறது. ஒவ்வாமை, தூசி, புகை ஆகியவை லேசான காரணங்கள். இமை ஓரத்தில் தவறான இடத்தில் முளைத்த முடி, உள்பக்கமாக மடிந்த இமை ஆகியவை கண்ணை ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும். லேப்ரடார், ராட்வைலர் போன்ற பெரிய நாய்களிலும் இமை உள்மடிவது உண்டு. இதற்குச் சொட்டு மருந்தால் தீர்வு இல்லை. சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும். குட்டியாக இருந்தால் வளரும்வரை இமையைத் தற்காலிகமாகத் தையல் போட்டு வெளியே இழுத்து வைப்பார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே நான் பயப்படுவது கார்னியாவில் வரும் புண்ணுக்குத்தான். கருவிழிக்கு மேலே வாட்ச் கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறதே, அதுதான் கார்னியா. அதன் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். பால்கனியில் கற்றாழை, ரோஜாத் தொட்டி. அடுத்த வீட்டுப் பூனையின் நகம். குளிப்பாட்டும்போது உள்ளே போன ஷாம்பு. இதில் எது வேண்டுமானாலும் அந்தப் படலத்தைக் கீறலாம். சாதாரணக் கீறல், சரியான மருந்து போட்டால் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். தவறான மருந்து போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நம் குடியிருப்பில் நடந்ததல்ல, நான் பணியில் இருந்த காலத்தில் பார்த்தது.

ஆறு வயது பக். இடது கண்ணில் நீர், லேசான சிவப்பு, கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீட்டுத் தாத்தாவுக்கு இரண்டு மாதம் முன்புதான் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஃபிரிட்ஜ் கதவில் அவருடைய சொட்டு மருந்து பாதி மீதம் இருந்தது. "எனக்கு நன்றாகக் கேட்டதே" என்று தினமும் மூன்று வேளை விட்டிருக்கிறார். முதல் நாள் சிவப்பு குறைந்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அதுதான் அந்த மருந்தின் ஏமாற்று. அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. அது வீக்கத்தையும் சிவப்பையும் அமுக்கும். கூடவே புண் ஆறுவதையும் தடுத்துவிடும். கிருமிக்கு எதிரான தற்காப்பையும் தளர்த்திவிடும். நான்காம் நாள் என்னிடம் வந்தபோது கண்ணின் முன்புறம் ஜவ்வரிசிக் கஞ்சி போல் குழைந்திருந்தது. படலமே கரைந்து ஓட்டை விழுந்துவிட்டது. கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த நாய் அதற்குப் பிறகும் பல வருடம் ஒற்றைக் கண்ணோடு சந்தோஷமாகவே இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கட்டுப் பிரிக்க ஒவ்வொரு முறையும் தாத்தாதான் தூக்கிக்கொண்டு வருவார். பாசத்தில் செய்தது அது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கூடத்தில் கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்; வாழ்த்துச் சொல்ல நானே வந்திருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்கள். பாட்டிலில் டெக்ஸாமெத்தசோன், ப்ரெட்னிசலோன், பீட்டாமெத்தசோன், லோட்டிப்ரெட்னால் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தும் வரும். பெயர் பெரிதாக ஆன்டிபயாடிக் என்று இருக்கும், ஸ்டீராய்டு பொடி எழுத்தில் இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் "நாய்க்குக் கண் டிராப்ஸ் கொடுங்க" என்றால் இதையே எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. சிவப்பை மட்டும் போக்கும் மனிதர்களுக்கான சொட்டு மருந்துகளும் வேண்டாம்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்தா என்றால் இல்லை. கண்ணுக்குள் அழற்சி வந்தால் அதைத்தான் நாங்களும் எழுதுவோம். ஆனால் அதே பச்சைச் சாயத்தை விட்டு, புண் இல்லை என்று பார்த்த பிறகுதான். புண் இருந்தால் அந்த இடம் பச்சையாக ஒளிரும். இரண்டு நிமிட வேலை. உங்கள் மருத்துவர் சாயம் போடாமல் சொட்டு மருந்து எழுதினால், "ஸ்டெயின் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்? இரண்டு கண்ணிலும் தெளிந்த நீர், நாய் கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருக்கிறது, விளையாடுகிறது, சாப்பிடுகிறது என்றால் ஓரிரு நாள் துடைத்துவிட்டுப் பார்க்கலாம். கண்ணை மூடி மூடித் திறக்கிறது, வெளிச்சத்தைக் கண்டு முகம் திருப்புகிறது, காலால் தேய்க்கிறது, கண் நீலமாகவோ வெண்மையாகவோ மங்குகிறது, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறது, மஞ்சள் அல்லது பச்சைப் பீளை வருகிறது என்றால் அன்றே போக வேண்டும். கண் அழுத்தம் ஏறிவிட்டால் ஓரிரு நாளில் பார்வையே போய்விடும். பக், ஷிட்ஸு வகைகளில் சண்டையிலோ, கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்தாலோ கண்விழியே வெளியே பிதுங்கி வந்துவிடுவது உண்டு. உள்ளே தள்ள முயலாதீர்கள். சலைனில் நனைத்த சுத்தமான துணியை மேலே வைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, உடனே கிளம்புங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. கிளம்பும் முன் யாராவது ஒருவர் போன் செய்து, அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியான, ஒட்டும் பீளை தினமும் வருகிறது, கண் பளபளப்பு இல்லாமல் இருக்கிறது என்றால் நீர் அதிகம் என்று நினைக்காதீர்கள். பல நேரம் அது கண் வறட்சி. நீர் குறைந்ததால் சளிபோன்ற பகுதி மட்டும் மிஞ்சுகிறது. ஒரு காகிதப் பட்டையை இமைக்குள் ஒரு நிமிடம் வைத்து அளப்பார்கள். 15 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது. 10-க்குக் கீழே என்றால் வறட்சி. இதற்கு வாழ்நாள் மருந்து தேவைப்படும். மூன்றாவது இமைச் சுரப்பி சிவப்பு மொட்டு போல வெளியே வந்து நிற்கும் 'செர்ரி ஐ' கூட இதோடு தொடர்புள்ளதுதான். அதை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரைக் கேளுங்கள். கண்ணீரில் பெரும் பங்கு அங்கிருந்து வருகிறது. வெட்டினால் பிற்காலத்தில் வறட்சி வரும். உள்ளே வைத்துத் தைப்பதுதான் முறை.

கண்ணில் காரணம் இல்லாமலும் கண்ணில் நீர் வரும். உண்ணிக் காய்ச்சலில் கண்ணுக்குள் அழற்சி வரலாம். நம் ஊரில் அது சர்வசாதாரணம். அந்த உண்ணி நாய்மேல் மட்டும் இருப்பதில்லை, சுவர் விரிசலிலும் கதவு நிலையிலும் ஏறி ஒளிந்துகொள்ளும். தடுப்பூசி போடாத குட்டிக்குக் கண்ணிலும் மூக்கிலும் சீழ் போல வந்து காய்ச்சலும் இருந்தால் டிஸ்டெம்பராக இருக்கலாம். மற்ற நாய்களிடம் விடாமல் உடனே தூக்கிப் போங்கள். வயதான நாய்க்குக் கண்ணுக்குக் கீழே வீங்கினால் வாயைத் திறந்து பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சீழ் பிடித்திருக்கும்.

அடுத்தது கறை. வெள்ளை நாய் வைத்திருப்பவர்களின் நிரந்தரக் கவலை. கண்ணிலிருந்து வாய்வரை செம்பழுப்புக் கோடு. அது ரத்தமும் இல்லை, அழுக்கும் இல்லை. போர்ஃபிரின் என்று ஒரு நிறமி, பழைய ரத்த அணுக்கள் சிதையும்போது உண்டாவது, கண்ணீரிலும் எச்சிலிலும் கொஞ்சம் வெளியேறும். வெள்ளை முடியில் தேங்கி நிறமேறுகிறது. கருப்பு நாய்க்கும் வடியும், தெரியாது. பாதத்தை நக்கி நக்கிச் சிவந்துபோவதும் இதே நிறமிதான். இதைப் போக்க உணவில் கலக்கும் பொடிகள் ஆன்லைனில் விற்கின்றன. அவற்றில் சிலவற்றில் டைலோசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்ததால், அனுமதி இல்லாத மருந்து என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014-ல் விற்பனையாளர்களை எச்சரித்தது. முகம் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு, எலுமிச்சைச் சாறு வைத்துக் கண்ணருகே வெளுக்க வைப்பதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

துடைக்கும் முறை எளிது. சாதாரண நார்மல் சலைன், சிறிய பாட்டிலாக வாங்கி ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கொதித்து ஆறிய தண்ணீர். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் கூடாது. பஞ்சை நனைத்து, காய்ந்த பீளைமேல் அரை நிமிடம் வைத்திருங்கள். ஊறிவிடும், பிய்க்க வேண்டியதில்லை. கண்ணிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க மறந்துவிடாதீர்கள். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஈரம் நின்றால் தோல் மடிப்பில் ஈஸ்ட் வளரும், நாறும், புண்ணாகும். காலை ஒரு முறை, இரவு ஒரு முறை போதும். கண்ணோர முடியை வெட்டும்போது முனை மழுங்கிய கத்தரிக்கோல், நடுவில் சீப்பு, பிடித்துக்கொள்ள இன்னொருவர். நாய் துள்ளும் ரகம் என்றால் குரூமரிடம் விட்டுவிடுங்கள்.

மருந்து எழுதிக் கொடுத்தால் நேருக்கு நேர் பாட்டிலோடு போகாதீர்கள், எந்த நாயும் ஓடும். பின்னாலிருந்து அணைத்துத் தாடையை உயர்த்தி, மேலேயிருந்து ஒரு சொட்டு. பாட்டில் நுனி கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில். கழுத்தில் கூம்பு மாட்டச் சொன்னால் மாட்டுங்கள். "பாவமா இருக்கு டாக்டர்" என்று கழற்றிவிட்ட அந்த அரை மணி நேரத்தில்தான் அது கண்ணைத் தேய்க்கும்.

நம் கட்டடத்துக்குள் வருவோம். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி: நமக்கு நெற்றி உயரத்தில் போகிற புகை, கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிற நாய்க்கும் போகும். மூடிய அறையில் வேண்டாம், அவ்வளவுதான்; வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஃபினாயில் கலந்த தண்ணீரில் துடைத்த தரை காயும்வரை நாயைப் பால்கனியில் விடுங்கள். போகி, தீபாவளி நாள்களில் ஜன்னலைச் சாத்துங்கள். காரில் தலையை வெளியே நீட்ட விடாதீர்கள். மாநகராட்சிக் கொசுப்புகை வண்டி வரும் நாள், பெயின்ட் வேலை, சுவர் உடைக்கும் வேலை ஆகியவற்றை முந்தின நாளே வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். செக்ரெட்டரி சார் தலையாட்டுகிறார், எல்லாரும் சாட்சி.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: தாய்ப்பால், விளக்கெண்ணெய், ரோஸ் வாட்டர்... எங்கள் மாமியார் இதெல்லாம் விடச் சொல்கிறார்.

பதில்: மாமியாரோடு சண்டை வேண்டாம், "டாக்டர் சலைன்தான் சொன்னார்" என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள். இவை எதுவும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. புண் இருக்கிற கண்ணில் பால் விட்டால் கிருமிக்குச் சாப்பாடு போட்டது மாதிரி. ரோஸ் வாட்டரில் வாசனைப் பொருள் இருந்தால் எரியும்.

கேள்வி: நான் ஆபீஸ் போகும்போது அவன் கண்ணில் நீர் நிற்கிறது. நாய் அழுமா டாக்டர்?

பதில்: நம்மைப் போலத் துக்கத்தில் கண்ணீர் வடிப்பதாகச் சான்று இல்லை. 2022-ல் ஜப்பானில் ஒரு ஆய்வு வந்தது: பல மணி நேரம் கழித்து வளர்த்தவரைப் பார்க்கும்போது நாயின் கண்ணீர் அளவு கூடுகிறது என்று. அதுவும் கண்ணுக்குள் கூடுவதுதான், கன்னத்தில் வழிவதில்லை. நீங்கள் போகும்போது வழிகிறது என்றால் நீங்கள் அடிக்கும் சென்ட்டை முதலில் சந்தேகிப்பேன்.

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீர் கொடுத்தால் கறை போகுமா?

பதில்: போகும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. உணவு ஒவ்வாமை இருக்கிற நாய்க்கு உணவு மாற்றினால் கண்ணும் தோலும் சேர்ந்து தேறும், அது வேறு. காதில் அரிப்பு, பாதம் நக்கல் இரண்டும் இருந்தால் அந்த வழியில் யோசிக்கலாம். ஒன்றிரண்டு மாதமாவது ஒரே உணவைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் தாத்தா பாட்டி பிஸ்கட் கொடுத்தால் கணக்கு கெட்டுவிடும்.

கேள்வி: கேட் பக்கம் இருக்கிற பிரவுனிக்கு ஒரு கண்ணில் பத்து நாளாக நீர் வடிகிறது. வாட்ச்மேன் அண்ணன் ஏதாவது கொடுங்கள் என்கிறார். அது யார் வீட்டு நாயும் இல்லையே.

பதில்: ஒரு கண், பத்து நாள் என்றால் பார்த்தே ஆக வேண்டும். சொட்டு மருந்தை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டுப் போக முடியாது. வலியில் இருக்கிற நாய் பழகியவரையும் கடிக்கும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, அதற்கு முந்தின இரவு சாப்பாடு கொஞ்சம் குறைத்து வையுங்கள், பசியில் பிஸ்கட்டுக்கு வரும். வாட்ச்மேன் அண்ணன் பிடித்துக்கொள்ளட்டும், அவரிடம்தான் அது வாலாட்டுகிறது. வாய்க்கட்டும் சாயப் பட்டையும் நான் கொண்டுவருகிறேன். அதன் வெறிநாய்த் தடுப்பூசிச் சீட்டு அலுவலகத்தில் இருந்தால் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே அதையும் போட்டுவிடலாம்.